முனியன் விட்டுப்போன குதிரை

கல்யாணமான புதிதில், புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் "மெட்ராஸ்ல கீறாரு" என்பதோடு செங்கேணி நிறுத்திக்கொள்வாள். குதிரை லாயத்தில் வேலை என்றால் சிரிப்பார்களோ என்று பயம். உத்திரமேரூருக்கு மேற்கே, பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தக் காலனியில் ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள், அறுவடை மிஷினோடு ஆந்திரா வரைக்கும் போனார்கள். குதிரைக்குக் கொள்ளு வேகவைக்கவும் லத்தி வாரவும் போனவன் முனியன் ஒருவன்தான்.

பந்தயக் குதிரையைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அங்கே சைஸ் என்று பெயர். விடியுமுன்பே குதிரையை வெளியே நடத்திக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்ததும் உடம்பு தேய்த்து, குளம்பைக் கழுவி, காலில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். படுக்கையும் லாயத்தை ஒட்டிய அறையில்தான். அதனால் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகியும் செங்கேணி புருஷனோடு சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை. பொங்கலுக்கு வருவான். ஆடிக்கு வருவான். நடுவில் திடுதிப்பென்று ஒரு நாள் வந்து நின்று, மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான். மகள் செவ்வந்தி பிறந்தபோது அவன் குதிரைகளோடு ஊட்டியில் இருந்தான். பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் வந்து பார்த்தான்.

செங்கேணி நாற்று நட்டாள், களை எடுத்தாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். கூரை வீட்டை இடித்துத் தளம் போட்டபோது கொத்தனாரிடம் பேசியதும் அவள்தான், சித்தாளாக நின்று கல் சுமந்ததும் அவள்தான். முனியன் சம்பளத்தை ஒழுங்காக அனுப்பினான், அதில் குறை சொல்ல முடியாது. "அந்தாளுக்கு ரெண்டு குடும்பம். ஒன்னு இங்க கீது. இன்னொன்னு நாலு காலோட அங்க கீது" என்று பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஜெயம்மாள் சிரிக்கமாட்டாள்.

ஒரு புரட்டாசி மாதம் முனியன் நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டான். குதிரை ஒன்று உதைத்ததில் இடுப்பு எலும்பு விரிசல் விட்டு, ஆறிய பிறகும் காலைச் சாய்த்துத்தான் நடந்தான். துள்ளுகிற குதிரைக்கு ஈடுகொடுத்து ஓட முடியவில்லை. வந்தவன் தனியாக வரவில்லை. பின்னாலேயே ஒரு லாரியில் குதிரையும் வந்து இறங்கியது.

நான்கு வயதுப் பெட்டைக் குதிரை அது. புளியங்கொட்டை நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை. ஓடிய பந்தயங்களில் எதிலும் ஜெயிக்கவில்லை. பிறகு முன்னங்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. இனி ஓடாது என்று தெரிந்ததும், வளர்த்த கையே வைத்துக்கொள்ளட்டும் என்று அதன் சொந்தக்காரர் முனியனிடம் கொடுத்துவிட்டார். காகிதத்தில் நீளமாக ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது, யார் வாயிலும் நுழையவில்லை. முனியன் அதைப் பாப்பா என்று கூப்பிட்டான்.

செவ்வந்திக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ் ரோட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். சின்ன வயதிலிருந்து அப்பன் அவளையும் பாப்பா என்றுதான் கூப்பிட்டு வந்தான்.

"நைனா கூப்பிடுதேன்னு ரெண்டு வாட்டி எழுந்து வெளிய வந்துட்டம்மா. பாத்தா குதிரயக் கூப்பிடுது" என்றாள் அம்மாவிடம். அதற்கப்புறம் எந்தப் பாப்பாவுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

செங்கேணிக்கும் எரிச்சல் இருந்தது. இருந்தாலும் அந்த ஐந்தாறு மாதம் அவள் வாழ்க்கையில் வேறு மாதிரியான காலம். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பது அவளுக்கு அந்த ஐப்பசியில்தான் தெரியவந்தது. இத்தனை வருஷமாக வந்தபோதெல்லாம் பேசாமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். தூக்கத்தில் அவன் பல்லைக் கடிப்பது தெரிந்தது. துணி துவைக்கும்போது அவன் லுங்கியின் இடது மடிப்பில் எப்போதும் எறும்பு ஊர்ந்தது. "இன்னாத்தத்தான் கட்டி வெச்சிக்கினு திரியிறியோ" என்று திட்டிக்கொண்டே உதறிப் போடுவாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் பனையோலைக் கொட்டகை போட்டான். விடியற்காலையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு காலனித் தெருவைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு நடந்து, சின்னப் பாலத்தைக் கடந்து ஏரிக்குப் போவான். ஊர்த் தெரு வழியாகப் போனால் தூரம் குறைவு. அவன் அந்தப் பக்கம் போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஏரி ஓரத்துப் புல்லில் மேயவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான்.

மாசி மாதம் ஒரு நாள், செங்கேணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது குதிரை தனியாக வந்து நின்றது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கயிற்றை நழுவவிட்டுவிட்டு அவன் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். தெருக்கோடி வரை பார்த்தாள். யாருமில்லை. குதிரை உடம்பெல்லாம் வியர்த்து, விலா எழும்பி எழும்பித் தாழ்ந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை நெஞ்சுமேல் கிடந்தது. தலை மட்டும் தொங்கிப்போயிருந்தது. அவனைச் சுற்றி ஈர மண்ணெல்லாம் குளம்புத் தடம், மிதித்து மிதித்துச் சேறாக்கியது போலக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவன் துண்டை எடுத்து முகத்தை மூடினார்.

சாவு வீட்டுக் கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்து, கருமாதியும் முடிந்தது. கொட்டகையில் குதிரை நின்றது. அதற்கு யார் தண்ணீர் வைத்தார்கள், யார் வைக்கோல் போட்டார்கள் என்று செங்கேணிக்கு நினைவில்லை. ஜெயம்மாளாக இருக்கும்.

அதன் பிறகு குதிரை வீட்டை விட்டு நகரவில்லை.

வைக்கோலை மட்டும் தின்றால் குதிரைக்கு ஆகாது, பச்சை வேண்டும். நடக்காமல் நின்றால் கால் வீங்கும். இதெல்லாம் முனியன் சொல்லிக் காதில் விழுந்திருந்தது. ஆகவே ஒரு நாள் செங்கேணியே கயிற்றைப் பிடித்தாள். கொட்டகையிலிருந்து வாசல் வரை வந்தது. தெருக் குழாய் வரை வந்தது. குழாயைத் தாண்டும் இடத்தில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தாள். கழுத்தை நீட்டிக் கொடுத்ததே தவிரக் கால் பெயரவில்லை. ஓங்கி இழுத்தபோது தலையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றைக் கையிலிருந்து உருவிக்கொண்டு கொட்டகைக்கே ஓடிப்போனது. உள்ளங்கைத் தோல் உரிந்து, அன்று அவளால் களைக்கொட்டைப் பிடிக்க முடியவில்லை.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டு போனாள். குச்சியைக் கண்டதும் குதிரை பின்னங்காலில் எழும்பியது. தெருவே கூடிக் கூச்சல் போட்டது. செங்கேணி குச்சியைத் தூக்கியெறிந்துவிட்டு, குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்திரை பிறந்தது. வெயிலில் வரப்பெல்லாம் காய்ந்து, ஏரிக்குள்ளே மட்டும் பச்சை மிச்சமிருந்தது. குதிரை மெலிந்தது. விலா எலும்பு தெரிந்தது. முனியனின் தம்பி பெருமாள் வந்தான். அவன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன்.

"அண்ணி, இத்த வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற? காஞ்சிபுரத்துல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கல்யாண ஊர்கோலத்துக்குக் குதிர வெச்சினு கீறான். சோத்துக்குக் கொற இருக்காது. ஏத்தி உட்டுடலாம்."

"அதான் சரி சித்தப்பா" என்றாள் உள்ளேயிருந்து செவ்வந்தி. "எங்க நைனாவ அங்க உட்டுட்டு ஓடியாந்த குதிர அது. அதும் மூஞ்சில முழிச்சிக்கினு வேலைக்குப் போவ என்னால முடியல."

செங்கேணி ஒன்றும் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பெருமாள் வண்டியோடும் நான்கு ஆட்களோடும் வந்தான். வண்டியின் பின்கதவை இறக்கிப் பலகை போட்டார்கள். முன்னாலிருந்து இருவர் இழுக்க, பின்னாலிருந்து இருவர் கயிற்றைக் குறுக்கே போட்டு நெம்பினார்கள். வண்டியைக் கண்டதிலிருந்தே குதிரை நடுங்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால் பலகையில் பட்டதும் ஒரே எம்பாக எம்பித் திரும்பியது. பலகை சறுக்கியது. பின்னங்கால் பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கி, தோல் நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டியது. அது கத்தவில்லை. வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரிய மூச்சு மட்டும் விட்டது.

"உடுங்கடா! கயித்த உட்டுடுங்க!" என்று செங்கேணி கத்திக்கொண்டு நடுவில் புகுந்தாள். கயிறு தளர்ந்ததும் குதிரை நொண்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் மூலையில் முகத்தை வைத்து நின்றது. அவள் பின்னாலேயே போய் அதன் கழுத்தில் கை வைத்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை அவள் வாஞ்சையாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. கைக்குக் கீழே தோல் அலையலையாகத் துடித்தது. கொஞ்ச நேரம் கழித்து குதிரை கழுத்தை வளைத்து, மூக்கால் அவள் இடுப்பின் இடது பக்கம் துழாவியது. புடவை மடிப்பை மோந்து பார்த்தது, மறுபடியும் துழாவியது.

என்ன தேடுகிறது என்று அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு எறும்பு ஞாபகம் வந்தது. வெல்லம். இடது மடிப்பில் அந்த மனுஷன் வெல்லக் கட்டி வைத்திருந்திருக்கிறான்.

உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் தேவயானி ஸ்கூட்டரில் வந்து தையல் போட்டார். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத பெண். கட்டுப் போட்டு முடித்த பிறகும் போகாமல் குதிரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடந்ததையெல்லாம் செங்கேணி சொன்னாள்.

"படிக்கிறப்ப ரேஸ் குதிரைங்களுக்கு வைத்தியம் பாக்கிற இடத்துல கொஞ்ச நாள் இருந்திருக்கேன்" என்றார் டாக்டர். "அதுங்க காலைல வெளிய போறப்ப வரிசையாத்தான் போகும். முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னு. தனியா நடந்து பழக்கமே கிடையாது. உங்க வீட்டுக்காரர் கூட இருந்ததால தனியா வந்திருக்கு. இப்ப அவரும் இல்ல. வண்டின்னா அதுக்கு வேற பயம். கடைசியா வண்டியில ஏறினப்ப பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லையே. அது மனசுல என்ன ஓடுதுன்னு நான் சொல்ல முடியாதும்மா. ஆனா அடிச்சா போகாது. அது மட்டும் நிச்சயம்."

"அப்ப இன்னாதான் பண்றது டாக்டரம்மா?"

"முன்னாடி நின்னு மூஞ்சியப் பாத்து இழுக்காதீங்க. இடது பக்கம், தோளோட தோளா நில்லுங்க. லாயத்துல வேலை செய்றவங்கெல்லாம் அப்படித்தான் பிடிப்பாங்க. நீங்க போற வழியப் பாருங்க, அதப் பாக்காதீங்க. அது நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, நிக்கிறதுக்கு முன்னாடியே நீங்களாத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. திரும்பினது உங்க முடிவா இருக்கணும். அப்புறம், தீனியக் கொட்டகையில வைக்காதீங்க. எதுவரைக்கும் வருதோ அங்க வைங்க."

தையல் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு விடியலில், மடியில் வெல்லக்கட்டியைச் சொருகிக்கொண்டு குதிரையின் இடது பக்கம் போய் நின்றாள். தெரு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குப் பார்த்தார்கள். அவள் தெருக்கோடியை மட்டும் பார்த்து நடந்தாள். குழாய்க்குக் கொஞ்சம் முன்னால் குதிரையின் காது பின்னால் மடிந்தது. அங்கேயே திருப்பிவிட்டாள். கொட்டகைக்குப் போகும் வழியிலேயே ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு.

அப்படியே நாட்கள் போயின. சில நாள் கொஞ்சம் கூடப் போகும், சில நாள் கொட்டகை வாசலைக்கூடத் தாண்டாது. ஒரு தரம் குழாயைத் தாண்டிவிட்டது. அவள் சந்தோஷப்படுவதற்குள் பின்னாலிருந்து பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்தான், குதிரை அவளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. முட்டித் தோல் பெயர்ந்துபோய்க் கிடந்தவளை ஜெயம்மாள்தான் தூக்கினாள்.

"உனக்கு இன்னாடி தலையெழுத்து? அவனே போயிட்டான். இதுக்கு நீ ஏன் சாவற?"

"தெரிலக்கா" என்றாள் செங்கேணி. உண்மையிலேயே தெரியவில்லை.

ஜெயம்மாளிடம் ஒரு கிழட்டு எருமை இருந்தது. தினமும் தானாகவே நடந்து ஏரிக்குப் போய், தானாகவே திரும்பி வரும். லாரி வந்தாலும் ஒதுங்காது. குதிரைகள் வரிசையாகப் போகும் என்று டாக்டர் சொன்னது செங்கேணிக்கு மனதில் இருந்தது. ஒரு நாள் எருமை கிளம்பும் நேரம் பார்த்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போனாள். குதிரை எருமையின் வாலை மோந்தது, தும்மியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. எருமை நடந்தது. குதிரையும் நடந்தது. குழாய் பின்னால் போனது, காலனியின் கடைசி வீடு பின்னால் போனது. தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். "பந்தயத்துல எரும ஃபர்ஸ்ட்டு!" என்று யாரோ கத்தினார்கள். ஜெயம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் சாவு விழுந்த பிறகு செங்கேணி முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாய்க்கால் கரை வரை வர வைகாசி பாதி ஆகிவிட்டது. அன்றைக்கு எருமை வழக்கம்போலப் பாலத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது, துணைக்கு வந்த ஜெயம்மாளும் அதன் பின்னாலேயே போய்விட்டாள். குதிரை பாலத்துக்கு முன்னால் நின்றது. காது பின்னால் மடிந்திருக்கிறதா என்று செங்கேணி பார்த்தாள். இல்லை. கயிறு தளர்ந்துதான் கிடந்தது.

"இன்னாடி, அது வரத் தயாராத்தானே கீது, நீ ஏன் நின்னுட்ட?" என்று பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயம்மாள் கூப்பிட்டாள்.

அப்போதுதான் செங்கேணி தன் காலைக் குனிந்து பார்த்தாள். நகராமல் நின்றது அவள் கால்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அவள் இந்தப் பாலத்தை மிதித்ததே இல்லை. வேலைக்குப் போகும்போதுகூட மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்வந்தாள். அந்த வழியில் நிழல் இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குதிரையும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பிறகு அவள் மெதுவாக முன்னால் போய், அவன் சாய்ந்திருந்த அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கயிற்றைக் கையில் பிடிக்கவில்லை. போவதானால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். குதிரை போகவில்லை. அவளைச் சுற்றி ஒரு தரம் வந்தது. குனிந்து அவள் தலைமேல் மூச்சு விட்டது. மறுபடியும் சுற்றி வந்தது.

அவன் செத்த அன்றைக்கு மண்ணில் கிடந்த தடங்கள் அவள் கண்முன் வந்தன. ஒரு சுற்று, இரண்டு சுற்றில் மண் அப்படிச் சேறாகாது. நெடுநேரம் சுற்றியிருக்கிறது. எழுந்திருப்பான் என்று நினைத்திருக்கிறது. எழுந்திருக்காத பிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது.

"நீதான் கூட இருந்த" என்றாள் அதனிடம். "இன்னா சொன்னாரு? என்னக் கூப்பிட்டாரா? பாப்பாவக் கூப்பிட்டாரா? எந்தப் பாப்பாவ?"

இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வாழ்க்கையில் புருஷனின் எந்த முக்கியமான வேளையிலும் அவள் பக்கத்தில் இருந்ததில்லை. கடைசி வேளையிலும் இல்லை. இருந்தது இந்த வாயில்லாத ஜீவன்தான். அதை நினைத்தபோது பொறாமை வரவில்லை. தனியாகச் சாகவில்லை என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. கருமாதியில்கூட வறண்டு கிடந்த கண் அந்தப் பாலத்தில் உடைந்துகொண்டது. ஜெயம்மாள் கிட்டே வராமல் எருமையோடு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அதற்குமேல் போகவில்லை. ஆனால் அடுத்த வாரத்தில் ஒரு காலை, எருமை ஏறி இறங்கியது, பின்னாலேயே குதிரை ஏறியது, அதன் தோளோடு செங்கேணியும் ஏறி இறங்கினாள். ஏரிப் புல்லில் குதிரை தலை கவிழ்ந்து மேய்ந்த சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இதைச் செவ்வந்தியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். "உட்டுட்டு ஓடியாந்துச்சின்னு சொல்ற இல்ல. ஓடியாரல பாப்பா. சுத்திச் சுத்தி நின்னுக்கீது. நான் என் கண்ணால தடத்தப் பாத்தேன். அப்ப புத்தியில ஏறல. முடியாத கட்டத்துலதான் நம்மளக் கூப்பிட வந்துச்சி."

செவ்வந்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்று அவளை அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவள், வீட்டுக்குள் போகாமல் கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே என்ன செய்தாள் என்று செங்கேணி எட்டிப் பார்க்கவில்லை.

கட்டுப் பிரிக்க வந்த நாளிலிருந்து டாக்டர் தேவயானி அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதம் அவர் ஒரு சேதி கொண்டுவந்தார். செங்கல்பட்டு போகும் வழியில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே இரண்டு குதிரைகள் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குதிரையைத் தடவுவார்கள், தீனி வைப்பார்கள், கொஞ்சம் பழகியவர்களை ஏற்றி நடத்துவார்கள். அதில் ஒரு குதிரைக்கு வயதாகிவிட்டது.

"இது இன்னும் சின்னது. பிள்ளைங்களை ஏத்த நாளாகும், ஏத்த முடியாமலே போகலாம். அவங்ககிட்ட அதைச் சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். "நல்ல எடம். மேய நெலம் இருக்கு. இங்க மழைக்காலத்துல ஏரி ரொம்பிடுச்சின்னா நீங்க எங்க மேய்ப்பீங்க?"

செங்கேணி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். சரிதான், மழைக்காலத்தைத் தாங்க அவளால் முடியாது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வண்டில ஏத்தாம நடத்திக்கினு போவலாமா?"

"போகலாம். ஒரு பகல் முழுக்க நடக்கணும்."

"அங்க அத்தப் பாத்துக்க ஆளு வேணாமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாம் நாளே போன் வந்தது. ஆள் வேண்டும் என்றார்கள், தங்க இடமும் உண்டு.

கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வந்திக்கு அன்றைக்கு வேலை இல்லை, தானும் வருவதாகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். பெருமாள் தீனி மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். பெரிய ரோட்டுக்குப் போக வாய்க்கால் வழி சுற்று. செங்கேணி ஊர்த் தெருவிலேயே குதிரையைத் திருப்பினாள். பால் சொசைட்டி வாசலில் உட்கார்ந்திருந்த தாமோதரன், நிலபுலம் உள்ள மனிதர், அவர் வயலில் அவள் நாற்று நட்டிருக்கிறாள், பேப்பரைத் தாழ்த்தினார்.

"இன்னா செங்கேணி, குதிரைய இந்தப் பக்கமா ஓட்டிக்கினு வர?"

"ரோட்டுக்குப் போறோம்ங்க" என்றாள். நிற்காமல் சொன்னாள். நின்றால் குதிரையும் நின்றுவிடும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் குதிரை திரும்பி ஊரைப் பார்த்துக் கனைத்தது. கால் தயங்கியது. எருமை இல்லை. செங்கேணி கயிற்றை இழுக்கவில்லை. செவ்வந்திதான் முன்னால் வந்தாள். குதிரைக்கு இரண்டு முழம் முன்னால், எருமை நடக்கிற மாதிரியே அசைந்து அசைந்து நடந்தாள். "வா பாப்பா" என்றாள். குதிரை அவள் பின்னால் நடந்தது. வழியில் புளியமரத்தடிகளில் நின்று தண்ணீர் காட்டி, பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

போன இடத்தில் எல்லாம் நல்லபடியாக ஆகிவிடவில்லை. முதல் சில நாள் குதிரை தீனி எடுக்கவில்லை. லாயத்தை விட்டு வர மறுத்தது. செங்கேணி மறுபடியும் வாசலிலிருந்து தொடங்கினாள். அங்கே இருந்த கிழக்குதிரை இந்த முறை எருமையின் இடத்தில் நின்று உதவியது. மகளைப் பிரிந்திருப்பது அவளுக்கும் புதுசு. ஜெயம்மாள் துணைக்குப் படுக்கிறாள் என்று தெரிந்தும், சாயங்காலமானால் கம்பெனி பஸ் வந்திருக்குமா என்று கடிகாரத்தைப் பார்ப்பாள். சில வாரம் ஊருக்குப் போக முடிந்தது, சில வாரம் முடியவில்லை. அப்படிப் போக முடியாத நாட்களில் முனியனைப் பற்றி அவளுக்கு இருந்த பல கோபங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. எல்லாமும் விழுந்துவிட்டன என்று சொல்ல முடியாது.

தை மாதம் ஒரு காலையில் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அங்கே வேலை செய்யும் ஜான்சன் என்பவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு போவதாகச் சொன்னான். வேண்டாம், வராது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போய்விட்டான். போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து வெளியே வந்து நின்றாள்.

குதிரை வெளி வாசலில் ஒரு நொடி நின்றது. ஜான்சன் இழுக்கவில்லை, அவள் சொல்லிக்கொடுத்தபடி இடது தோளோடு நின்றான். குதிரையின் காது முன்னும் பின்னும் ஆடியது. பிறகு அது வாசலைத் தாண்டிக் காலை வைத்தது. மண் ரோட்டில் நடந்து வேப்பமரத்தைக் கடந்தது. திரும்பிப் பார்க்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் அதன் முதுகு மறையும்வரை நின்றாள். பிறகு லாயத்துக்குள் போய், காய்ச்சலோடு காய்ச்சலாக, நனைந்த வைக்கோலை வாரத் தொடங்கினாள்.